கிராமத் தபாலும் தபாற்சேவகர் பாதுகாப்பும்

மணப்பாறை வட்டாரத்தில் குடியிருப்புகள் அமைந்திருக்கும் விதத்தை நேரில் கண்டிராதவர்களுக்குக் கிராமத் தபால் விநியோகம் வெகு சுலபமான காரியமாகவே தோன்றும். ஸ்ரீரங்கத்தைச் சூழ்ந்த காவிரிப் பாசனக் கிராமங்களில் வீடுகள் தெருத் தெருவாக நெருங்கி நிற்கின்றன. ஒரு தெருவின் கோடியில் நுழைந்த தபாற்காரர் மறு கோடியில் வெளிப்படும்போது அந்தத் தெருவின் வேலை முடிந்துவிடும். மணப்பாறை, வையம்பட்டி, மருங்காபுரிப் பக்கங்களின் நிலைமை அவ்விதமன்று. இது பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. கிணறு எங்கே ஊறிற்றோ அங்கே தோட்டமும், தோட்டம் எங்கே உண்டோ அங்கே ஒரு கொட்டகையும் ஏற்பட்டன. மின்சாரப் பம்புகளும் ஆழ்குழாய்க் கிணறுகளும் பரவிய பிறகு, இரவில் மோட்டாரைக் கவனிக்கவும் மாடு கன்றுகளைக் காக்கவும் பல குடும்பங்கள் ஊரை விட்டுத் தோட்டத்திலேயே நிரந்தரமாகக் குடியேறின. கடிதத்தின் மேல் எழுதப்படும் விலாசமோ பழைய ஊரின் பெயர்தான். வீடு இருப்பது அங்கிருந்து இரண்டு மைல் தள்ளி, ஒரு வண்டிப்பாதையின் முடிவில்.

அந்தப் பாதையின் முடிவில் ஒரு நாயும் இருக்கிறது. தபாற்சேவகரின் கஷ்டம் அநேகமாக அங்கிருந்தே ஆரம்பமாகிறது.

இப்படிச் சிதறிக் கிடக்கும் வீடுகளுக்குத் தினந்தோறும் ஆள் அனுப்பிக் கடிதம் கொடுப்பது அவசியந்தானா என்ற கேள்வி அடிக்கடி எழுப்பப்படுகிறது. கைப்பேசி இல்லாத வீடு இல்லை, சுக துக்கச் செய்திகள் கணப்பொழுதில் வந்து சேர்கின்றன, ஆகையால் ஊர்ப் பொதுவிடத்தில் ஒரு பெட்டி வைத்து அவரவரே வந்து எடுத்துக்கொள்ளச் செய்தால் செலவும் மிச்சம், ஊழியருக்கும் ஆபத்தில்லை என்பது இவர்கள் வாதம். இதைச் சொல்பவர்கள் எல்லோரும் கிராமத்துக்கு விரோதிகள் அல்லர். தபாற்சேவகர் படும் பாட்டைக் கண்டு இரக்கத்தினால் சொல்பவர்களும் அவர்களில் உண்டு. ஆனால் நிலமுள்ள குடியானவர் இந்த யோசனைக்குத் தலையசைக்கும் முன் இக்காலத்தில் தபாலில் வருபவை எவை என்று சற்று எண்ணிப் பார்க்கவேண்டும்.

சுக துக்கச் செய்தி வரும் கடிதம் குறைந்துவிட்டது மெய்யே. வருபவை வேறு ஜாதிக் காகிதங்கள். கூட்டுறவுச் சங்கத்தின் தவணை நோட்டீஸ், நகைக்கடன் ஏல அறிவிப்பு, பட்டா மாறுதலில் ஆட்சேபணை கேட்கும் தாசில்தார் காகிதம், பங்காளி போட்ட பாகப்பிரிவினை வழக்கின் சம்மன், சாலைக்கோ வாய்க்காலுக்கோ நிலம் எடுக்கும் உத்தரவு ஆகியவை தாளில்தான் வருகின்றன. 1897-ஆம் வருஷத்துப் பொது வாசகச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு இவ்விஷயத்தில் மிகவும் கண்டிப்பானது. சரியான விலாசமிட்டு, கட்டணம் செலுத்தி, பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ் சேர்க்கப்பட்டால், மாறாக நிரூபிக்கப்படும் வரையில் அது உரியவருக்குச் சேர்ந்ததாகவே சட்டம் கொள்ளும். "வாங்க மறுத்தார்" என்ற குறிப்போடு திரும்பிய கவரையும் நியாயஸ்தலங்கள் சேர்ந்த கவராகவே பாவித்து வந்திருக்கின்றன. 2013-ஆம் வருஷத்து நிலமெடுப்புச் சட்டத்தின்படி முதல் அறிவிப்பு வெளியான நாளிலிருந்து 60 நாட்களுக்குள் ஆட்சேபணை தெரிவிக்கவேண்டும். அறுபது நாளில் முப்பது நாள் ஒரு கவர் டீக்கடை அலமாரியில் கிடந்தால், அதன் பலனை அனுபவிப்பவர் டீக்கடைக்காரர் அல்லர்.

பதிவுத் தபால் என்ற தனி ஏற்பாடு 2025 செப்டம்பர் 1 முதல் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டது. பெயர் மாறினாலும் உரியவர் கையில் கொடுத்துக் கையெழுத்துப் பெறவேண்டிய அவசியம் மாறவில்லை. அந்தக் கையெழுத்தைப் பொதுப்பெட்டி வாங்கித் தராது.

பொதுப்பெட்டி யோசனையில் மற்றொரு குறையும் உண்டு. அதைப் பேசத் தயங்குவதில் பிரயோசனமில்லை. பெட்டி எந்தத் தெருவில் வைக்கப்படும்? ஊர்ச் சாவடியிலோ கோயில் முகப்பிலோ வைத்தால், ஆதிதிராவிடர் குடியிருப்பிலிருந்து வருபவர் எல்லா நேரத்திலும் தடையின்றி அங்கு வந்து தம் கடிதத்தை எடுக்க முடியுமா என்பது ஒவ்வொரு ஊராரும் தம் மனச்சாட்சியைக் கேட்டுப் பதில் சொல்லவேண்டிய விஷயம். விதவைப் பென்ஷன் உத்தரவு, நகை ஏலத்துக்கு வருகிறதென்ற அறிவிப்பு, மருமகள் கோர்ட்டில் கொடுத்த மனு இவையெல்லாம் பத்துப் பேர் புரட்டிப் பார்த்த பிறகு உரியவரை அடைவது குடும்ப மானத்துக்கு ஏற்றதன்று. வாசலில் நின்று பெயர் சொல்லி அழைத்துக் கையில் கொடுக்கும் வழக்கத்தின் அருமை இங்கேதான் தெரிகிறது.

காகிதத்தோடு பணமும் வருகிறது. மணியார்டர் வேலை 1880-இல் கஜானாக்களிடமிருந்து தபால் இலாகாவுக்கு மாற்றப்பட்ட நாள் முதல், கிராமத்துக்குத் தபாற்காரர் என்றால் பணங்கொண்டு வருபவர் என்றே பொருள். மலேரியாச் சுரத்துக்குக் கொயினாப் பொட்டணங்களைக்கூடத் தபாலாபீஸ்களில் விற்ற காலம் உண்டு. 2018 செப்டம்பர் 1-இல் இந்திய அஞ்சல் கொடுப்பனவு வங்கி ஆரம்பிக்கப்பட்ட பின்னர், சேவகர் கையிலுள்ள சிறு கருவியில் விரல் ரேகை வைத்து, எந்த வங்கியில் உள்ள பணத்தையும் வீட்டு வாசலிலேயே பெறமுடிகிறது. வருஷத்தில் மூன்று தவணையாக வரும் பிரதம மந்திரி விவசாயி நிதியின் 2,000 ரூபாயை எடுப்பதற்காக ஒரு நாள் கூலியையும் பஸ் சார்ஜையும் இழந்து டவுன் வங்கிக்குப் போய்வந்தவர்களுக்கு இதன் அனுகூலத்தை விவரிக்க வேண்டுவதில்லை. 2020-ஆம் வருஷத்து ஊரடங்கில் இது நன்கு விளங்கிற்று. பென்ஷன் வாங்கும் முதியோர் உயிரோடிருப்பதற்கான சான்றிதழையும் இதே சேவகர் வீட்டிலேயே எடுத்துக் கொடுக்கிறார்.

இவ்வளவு வேலைகளையும் செய்பவர் யார்? பலர் நினைப்பதுபோல் இவர் நிறைவான சம்பளமும் பென்ஷனும் உள்ள சர்க்கார் உத்தியோகஸ்தர் அல்லர். இலாகாவுக்குப் புறம்பான ஏஜெண்டு என்று நெடுங்காலம் அழைக்கப்பட்டு, 2001-ஆம் வருஷத்து விதிகளின்படி கிராம தபால் சேவகர் என்று பெயர் மாற்றப்பட்டவர். இவர்கள் வகிப்பது சிவில் பதவியே என்று சுப்ரீம் கோர்ட்டு 1977-இல் தீர்ப்பளித்தது. எனினும் இலாகாவின் நிரந்தர ஊழியருக்குரிய பென்ஷன் இவர்களுக்கு இல்லை. வேலை நாளொன்றுக்கு நான்கு அல்லது ஐந்து மணி நேரம் என்று கணக்கிடப்படுகிறது. 2018-இல் 16 நாள் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு ஏற்பட்ட விகிதப்படி, விநியோகம் செய்யும் சேவகருக்கு நான்கு மணி நேர வேலைக்கு மாதம் 10,000 ரூபாயும், ஐந்து மணி நேர வேலைக்கு 12,000 ரூபாயும் அடிப்படைத் தொகையாக நிர்ணயிக்கப்பட்டன, பஞ்சப்படி இதற்குமேல். வேலைக்கு எடுக்கும்போது பத்தாம் வகுப்பு மார்க்கும் சைக்கிள் ஓட்டத் தெரிவதும் பார்க்கப்படுகின்றன. இப்போது இந்த வேலைக்கு இளம்பெண்கள் பலர் வருகிறார்கள். வெளியூர்ப் பெண் ஒருத்தி, ஊர் தெரியாத புதிதில், சோளக் கொல்லைகளுக்கு நடுவே தனியாகச் சைக்கிள் மிதித்துப் போகும் நிலைமையைப் பெண் மக்களைப் பெற்றவர்கள் எளிதில் ஊகிக்கலாம்.

பழைய காலத்தில் அபாயம் வேறு விதமாக இருந்தது. திருவாங்கூர் சமஸ்தானத்து அஞ்சலோட்டக்காரன் மணி கட்டிய ஈட்டியோடு ஓடினான். அந்த மணியோசை கேட்டால் எதிரில் வருபவர் யாராயிருந்தாலும் வழிவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். மணி துஷ்ட மிருகங்களை விரட்டவும், ஈட்டி தற்காப்புக்கும் உதவின. அந்தச் சமஸ்தான அஞ்சல் 1951-இல் இந்தியத் தபாலோடு சேர்ந்துவிட்டது. மலைப் பிரதேசங்களில் அத்தகைய அபாயம் இன்றும் தீரவில்லை. குன்னூர்க் காடுகளில் தினம் 15 கிலோமீட்டர் நடந்து, யானைக்கும் கரடிக்கும் தப்பிக் கடிதம் கொடுத்து 2020-இல் ஓய்வு பெற்ற தபாற்காரர் ஒருவரைத் தேசமே புகழ்ந்தது. பாபநாசத்துக்கு மேலே, காரையாறு அணைக்கு அப்பாலுள்ள இஞ்சிக்குழியில் வசித்த மூதாட்டி ஒருவருக்கு முதியோர் உதவித் தொகை கொண்டுபோய்க் கொடுத்த சேவகரைப் பற்றிய செய்தியும் 2021-இல் வெளிவந்தது. புகழ்ச்சி நல்லதுதான். ஆனால் ஊழியர் உயிரைப் பணயம் வைப்பதை வீரமென்று கொண்டாடிவிட்டு, அதே அபாயத்தை அடுத்தவருக்கும் அப்படியே விட்டுவைப்பது உசிதமாகாது.

மணப்பாறைப் பக்கத்தில் யானை இல்லை. இங்குள்ள அபாயங்கள் சிறியவை, தினந்தோறும் எதிர்ப்படுபவை, பெரும்பாலும் மனிதர் முயன்றால் நீக்கக்கூடியவை. அவற்றில் முதலாவது நாய்.

தமிழ்நாட்டில் வருஷத்துக்கு 4 இலட்சத்துக்கு மேற்பட்ட நாய்க்கடிகள் பதிவாகி வருகின்றன. வெறிநோய் கண்டுவிட்டால் மருந்து இல்லை. காண்பதற்கு முன் தடுப்பது முற்றிலும் சாத்தியம். 1885-இல் பாஸ்டர் கண்ட வழி இதுவே. அதன் பொருட்டே 1907-இல் குன்னூரில் பாஸ்டர் ஸ்தாபனம் நிறுவப்பட்டது. கடிபட்ட இடத்தைச் சோப்பும் ஓடுகிற தண்ணீரும் கொண்டு 15 நிமிஷம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குச் சென்று, பிறகு 3, 7, 28 ஆவது நாட்களிலும் தவறாமல் ஊசி போட்டுக்கொள்ளவேண்டும். இரத்தம் வரும் ஆழ்ந்த காயமானால் எதிர்ப்புச் சீரமும் காயத்தைச் சுற்றிச் செலுத்தப்படவேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், பச்சிலை முதலியவற்றை வைத்துக் கட்டுவது கெடுதல். நான்கு மணி நேரச் சேவகருக்கு நான்கு முறை ஆஸ்பத்திரிக்குப் போய்வருவது நான்கு நாள் வேலை கெடுவதாகும். அன்றைய தபாலும் அன்று ஊருக்குள் வராது. கடிபடுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளும் தடுப்பூசி முறை ஒன்றும் உண்டு. அதைப் போட்டுக்கொண்டவர் பின்னால் கடிபட்டால் இரண்டு ஊசியே போதும், சீரம் வேண்டியதில்லை. நாள்தோறும் அயலார் வீட்டு நாய்களுக்கு நடுவே போகவேண்டியவர்களுக்கு இதைத் தபால் இலாகா தன் செலவிலேயே செய்து கொடுப்பது தகும்.

ஆனால் இலாகாவின் கடமையைச் சொல்லி வீட்டுக்காரர் கடமையை மறைக்கக்கூடாது. தோட்டத்து நாய் அவசியமானது. ஆட்டுப் பட்டிக்கும் மாட்டுக் கொட்டிலுக்கும் அதுவே காவல். அந்நியரைக் கண்டு குரைப்பது அதன் தர்மம். தபாற்சேவகர் வருகிற நேரம் தெரிந்திருந்தும் அதைக் கட்டாமல் விடுவதோ எஜமானனின் குற்றம். அப்படித்தான் சட்டமும் சொல்கிறது. 2024 ஜூலை 1 முதல் அமலிலுள்ள பாரதிய நியாய சம்ஹிதையின் 291-ஆவது பிரிவின்படி, தன் வசமுள்ள பிராணியால் பிறருக்குத் தீங்கு நேராதபடி தக்க ஜாக்கிரதை எடுக்காதவருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். பழைய பீனல் கோடில் அபராதம் 1,000 ரூபாயாக இருந்தது. "எங்கள் நாய் ஒன்றும் செய்யாது" என்று திண்ணையிலிருந்து குரல் கொடுக்கும் வழக்கத்துக்கு இந்தப் பிரிவில் விலக்கு ஏதும் இல்லை.

இவ்வட்டாரத்துக்கே உரிய ஒரு சங்கடமும் உண்டு. செவ்வாய் மாலையில் கூடிப் புதன்கிழமை நடக்கும் மணப்பாறை மாட்டுச் சந்தைக்கு ஆண்கள் போய்விடும் நாளில் பல தோட்டங்களில் வயதானவர் ஒருவரும் அவிழ்த்துவிட்ட நாயுமே இருப்பர். அன்று கையெழுத்து வாங்கவேண்டிய கவர் வந்தால், சேவகர் தூரத்தில் நின்று கூவிப் பார்த்துவிட்டு "கதவு பூட்டப்பட்டிருந்தது" என்று எழுதித் திருப்புகிறார். அவரைக் குறை சொல்லிப் பயன் என்ன?

அமெரிக்காவில் 2024-இல் மட்டும் 6,000-க்கு மேற்பட்ட தபாற்காரர்களை நாய்கள் தாக்கின. அங்கே நாய் அவிழ்ந்திருக்கும் வீட்டுக்கு விநியோகத்தை நிறுத்திவிட்டு, ஆபீஸில் வந்து வாங்கிக்கொள்ளும்படி சொல்ல இலாகாவுக்கு அதிகாரமுண்டு. சில சமயம் அண்டை வீடுகளுக்கும் சேர்த்து நிறுத்தப்படுகிறது. இங்கிலாந்தில் நாய்ச் சட்டம் பொதுவிடங்களுக்கு மட்டும் செல்லுபடியாகி வந்தது. தபால் ஊழியர் சங்கத்தின் விடாமுயற்சியால் 2014 முதல் சொந்த வளவுக்குள் நடக்கும் கடிக்கும் அது விரிக்கப்பட்டது. தபாற்காரர் கடிபடுவது அநேகமாக வளவுக்குள்ளேதானே.

இரண்டாவது அபாயம் வெயில். திருச்சிராப்பள்ளி ஜில்லாவின் கோடை வெப்பத்தைக் குடியானவருக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஏர் பூட்டியவர் உச்சிப்பொழுதுக்கு முன் அவிழ்த்துவிடுவார். தபாற்சேவகரோ உச்சிப்பொழுதில்தான் வழியில் இருக்கிறார். டவுனிலிருந்து பை வந்து, பிரித்து, கணக்கெழுதிப் புறப்படுவதற்குள் பொழுது ஏறிவிடுகிறது. தமிழ்நாடு அரசாங்கம் 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அறிவித்து, அதனால் இறப்பவர் குடும்பத்துக்கு 4 இலட்சம் ரூபாய் நிவாரணம் உண்டென்று சொல்லியிருக்கிறது. நிவாரணத்தைவிட நேர மாற்றம் மேலானது. சித்திரை வைகாசி மாதங்களில் முதல் நாள் வந்த பையை மறுநாள் விடியற்காலையில் விநியோகிக்கலாம். ஒரு நாள் தாமதத்தால் ஒருவரும் நஷ்டமடையப் போவதில்லை. விடியற்காலையில் வீட்டுக்காரரும் வீட்டிலிருப்பார், நாயும் அவர் சொல் கேட்கும்.

பாம்பு, வேலியில்லாத கிணறு, காட்டுப் பன்றிக்காகத் திருட்டுத்தனமாக மின்சாரம் பாய்ச்சிய கம்பி, திருச்சி திண்டுக்கல் நெடுஞ்சாலையைச் சைக்கிளோடு குறுக்கே கடக்கும் இடங்கள் ஆகியவையும் உண்டு. மின்கம்பி வைத்தவரைப் பற்றி இரு அபிப்பிராயத்துக்கு இடமில்லை. பன்றிக்கு வைத்தது மனிதனைக் கொன்றால் அது கொலைக்கு ஒப்பான குற்றம். பாம்புக்கடி 2024 நவம்பர் முதல் இம்மாநிலத்தில் கட்டாயமாக அறிவிக்கவேண்டிய விஷயமாக்கப்பட்டுள்ளது. வரப்பில் மண்டிய புல்லைச் செதுக்கிப் பாதையைத் துலக்கினால் பாதி பயம் தீரும். அது நிலத்துக்காரருக்கும் நல்லது.

பணம் எடுத்துச் செல்வதால் வரும் ஆபத்து தனியானது. விரல் ரேகைக் கருவி வந்த பிறகு சேவகர் பையில் ரொக்கம் இருப்பது எல்லோருக்கும் தெரிந்த இரகசியமாகிவிட்டது. தவணைப் பணம் விழும் நாட்களில் கிராம உதவியாளரை, அதாவது பழைய தலையாரியை, ஒதுக்குப்புறத் தோட்டங்களுக்குக் கூட அனுப்புவது கிராம நிர்வாக அலுவலரின் கையிலிருக்கும் காரியம். சேவகர் பெண்ணாக இருந்தால் இது மிகவும் அவசியம். யார் யாருக்கு எவ்வளவு வேண்டுமென்று முதல் நாளே கிளைத் தபாலாபீஸில் சொல்லி வைத்தால், வேண்டிய தொகைக்கு மேல் ஒரு ரூபாயும் சுமக்க வேண்டியிராது.

பிற தேசங்களில் இந்தப் பிரச்னை எப்படித் தீர்க்கப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது. அமெரிக்காவில் 1896 வரை குடியானவர் தம் கடிதத்துக்காக வண்டி கட்டிக்கொண்டு டவுனுக்குப் போகவேண்டியிருந்தது. வானமேக்கர் என்ற தபால் மந்திரி கிராம விநியோக யோசனையைக் கிளப்பினார். கிரேஞ்ச் என்ற விவசாயிகள் சங்கம் அதை விடாமல் பிடித்துக்கொண்டது. நாட்டுப்புறக் கடைக்காரர்கள் வியாபாரம் கெடுமென்று எதிர்த்தார்கள். மேற்கு வர்ஜீனியாவில் 1896 அக்டோபர் 1-இல் பரீட்சையாகத் தொடங்கி, 1902-இல் அது நிலைபெற்றது. ஆனால் இலாகா ஒரு நிபந்தனை போட்டது. பாதை ஒழுங்காயிராத மார்க்கத்துக்குத் தபால் இல்லை; பெட்டியைக் குடியானவரே தம் செலவில் பாதையோரத்தில் நடவேண்டும். தபாலுக்கு ஆசைப்பட்டு ஊரார் பாதைகளையும் பாலங்களையும் செப்பனிட்டார்கள். அதனால் விளைபொருள் சந்தைக்குப் போவதும் எளிதாயிற்று.

கானடாவில் வேறு விதமான தொல்லை வந்தது. கிராமப் பாதையோரப் பெட்டிகளில் மோட்டாரில் வந்து கடிதம் போடும் ஊழியர்கள், விரைந்து வரும் வண்டிகளால் தமக்கு ஆபத்தென்று முறையிட, தபால் ஸ்தாபனம் பல பெட்டிகளுக்கு விநியோகத்தையே நிறுத்திற்று. கிராமவாசிகள் கூக்குரலிட்டார்கள். 2006 டிசம்பரில் அந்த அரசாங்கம், கிராம விநியோகத்தையும் காப்பாற்றவேண்டும், ஊழியர் பாதுகாப்பும் குறையலாகாது என்று உத்தரவிட்டது. அதன்மேல் ஒவ்வொரு பெட்டியாகப் பரிசோதித்து, ஆபத்தில்லாதவற்றை அப்படியே விட்டு, ஆபத்தானவற்றைச் சற்று நகர்த்தி வைத்தார்கள். எல்லாப் பெட்டிகளையும் ஒரே கோலால் அளக்காமல் ஒவ்வொன்றாகப் பார்த்தது அங்கே நடந்த நல்ல காரியம். அந்தத் தேசமே 2025 செப்டம்பரில் நஷ்டக் கணக்கைக் காட்டி, 40 இலட்சம் விலாசங்களுக்கு வீட்டு விநியோகத்துக்குப் பதில் கூட்டுப்பெட்டி வைக்க முடிவு செய்தது. டென்மார்க்கில் 1624 முதல் நடந்துவந்த கடித விநியோகத்தை அந்நாட்டுத் தபால் ஸ்தாபனம் 2025 டிசம்பர் 30-உடன் கைவிட்டுவிட்டது. அத்தேசத்தார் சர்க்கார் காகிதங்களைக் கம்பியில்லா வழியில் படிக்கப் பழகியவர்கள். இங்கே சம்மனும் ஏல நோட்டீஸும் தாளில் வரும் வரையில் அந்த உதாரணம் பொருந்தாது.

மணப்பாறைப் பக்கத்துக்கு எது ஏற்றது? கானடாவில் செய்ததுபோல் பாதை பாதையாகப் பார்த்து, தபாலையும் இரண்டாகப் பிரிப்பதே ஏற்றதாகத் தோன்றுகிறது. கையெழுத்து வேண்டாத சாதாரணக் கடிதம், சஞ்சிகை, சுற்றறிக்கை முதலியவற்றுக்குத் தோட்டத்துக்காரர் தம் வண்டிப்பாதை பொதுச் சாலையைத் தொடும் இடத்தில், தம் பெயரும் கைப்பேசி எண்ணும் எழுதிய பூட்டுள்ள தகரப்பெட்டி ஒன்றை வைக்கலாம். மழை நனையாத மூடியும் கல்லில் பதித்த காலும் இருந்தால் போதும். மணப்பாறைக் கொல்லர் எவரும் செய்து தருவர். இது ஊர்ப் பொதுப்பெட்டி அன்று, அவரவர் சொந்தப் பெட்டி, சாவி அவரவரிடமே. பணம், கையெழுத்துக் கவர், முதியோர் காகிதம் ஆகியவை மட்டும் வீட்டு வாசலுக்குப் போகட்டும். அவை வரும் நாளில் சேவகர் முன்கூட்டிக் கைப்பேசியில் சொல்வார். வீட்டுக்காரர் நாயைக் கட்டிவிட்டுப் பாதை முகப்பில் நிற்கலாம். நடக்கமுடியாத கிழவர்களுக்கும் பிள்ளை பெற்ற பெண்களுக்கும் எல்லாத் தபாலும் வாசலுக்கே என்று விலக்கு வைக்கவேண்டும். இவ்வளவும் செய்தால் நான்கு மணி நேரக் கணக்குக்குள் வேலை அடங்கும்.

இந்த யோசனைக்கும் ஆட்சேபணை உண்டு. பெட்டிக்குச் செலவு செய்யும் வசதி நிலமுள்ளவருக்கு உண்டு, கூலிக்காரருக்கு இல்லை என்பது நியாயமான ஆட்சேபணை. ஆனால் கூலிக்காரர் குடியிருப்பு அநேகமாக ஊரோடு சேர்ந்து, தெருவாகவே இருக்கிறது. அங்கே இப்போதுள்ள வாசல் விநியோகத்தில் யாதொரு மாறுதலும் தேவையில்லை. ஒதுக்குப்புறத்தில் வீடு கட்டும் சௌகரியத்தை அனுபவிப்பவரே பெட்டிச் செலவையும் ஏற்பது முறை. இப்போது சொந்தப் பெட்டிக்கு ஒப்பினால் நாளை வாசல் விநியோகத்தையே நிறுத்திவிடுவார்கள் என்ற அச்சமும் சொல்லப்படுகிறது. அந்த அச்சத்துக்குக் கானடா காரணம் காட்டுகிறது. ஆகையால், கையெழுத்துக் கவரும் பணமும் வாசலுக்கே என்பதைக் கிராம சபை தீர்மானத்தில் எழுத்தில் பெற்று, கோட்ட சூப்பரிண்டெண்டுக்கு அனுப்பி, பதிலும் பெற்றுக்கொண்ட பிறகே பெட்டி நடவேண்டும்.

தபால் இலாகாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2020 ஏப்ரலில், பெருந்தொற்றின்போது வேலையில் உயிரிழக்கும் ஊழியர் குடும்பத்துக்கு 10 இலட்சம் ரூபாய் என்று இலாகா அறிவித்தபோது கிராம சேவகர்களையும் அதில் சேர்த்தது. தொற்றுக்காலத்தில் சமமாகப் பாவிக்கப்பட்டவர், நாய் கடித்தாலும் லாரி மோதினாலும் அவ்விதமே பாவிக்கப்படவேண்டாமா? கடிபட்ட சேவகர் ஊசிக்குப் போகும் நாட்களை வேலை நாட்களாகவே கணக்கிடவும், ஆபத்தான வளவைக் குறித்து எழுதினால் அதைச் சோம்பல் என்று எண்ணாமல் விசாரிக்கவும் இலாகா உத்தரவிடவேண்டும். பயந்து பொய்க் குறிப்பு எழுதுபவரைவிட, "நாய் அவிழ்ந்திருந்தது, கொடுக்கவில்லை" என்று உண்மையை எழுதுபவரே குடியானவருக்கு நன்மை செய்கிறார். பொய்யான "வாங்க மறுத்தார்" என்ற குறிப்பினால் நிலம் போகும். உண்மைக் குறிப்பினால் நாய்தான் கட்டப்படும்.

கிராம உத்தியோகஸ்தர்கள் கவனிக்கவேண்டியது விலாசம். தோட்டத்து வீடுகளில் பலவற்றுக்குக் கதவிலக்கம் இல்லை. இருந்தாலும் வரிசையில் இல்லை. ஒரே பெயருள்ளவர் ஒரே ஊரில் நான்கு பேர் இருப்பதும் சகஜம். இதனால் சேவகர் ஒரு கவருக்காக நான்கு வளவில் நுழைந்து நான்கு நாய்களிடம் சிக்குகிறார். வீட்டின் சர்வே எண், தோட்டத்தின் வழக்குப் பெயர், குடும்பத் தலைவர் பெயர், கைப்பேசி எண், நாய் உண்டா இல்லையா, அதற்குத் தடுப்பூசி போட்ட தேதி என்பவற்றை ஒரு ஜாபிதாவாகத் தயாரிப்பது கிராம நிர்வாக அலுவலருக்கும் ஊராட்சிச் செயலருக்கும் ஒரு வாரத்து வேலை. நாய்களுக்கு வருஷந்தோறும் போடவேண்டிய வெறிநோய் ஊசிக்குக் கால்நடை ஆஸ்பத்திரியாரை, கோமாரி ஊசிக்கு ஊருக்கு வரும் அன்றே, சேர்த்து வரும்படி கேட்கலாம்.

கிராம சபை இப்போது வருஷத்தில் ஆறு முறை கூடுகிறது. அவற்றில் மார்ச் 22-இல் கூடும் சபை கோடைக்கு முந்தியது. அன்றைய நிகழ்ச்சி நிரலில் தபால் பாதைகளை ஒரு விஷயமாகச் சேர்த்து, கிளைத் தபாலாபீஸ் தலைவரையும் விநியோகச் சேவகரையும் வரவழைத்து, எந்த எந்தப் பாதையில் என்ன தொல்லை என்று அவர்கள் வாயாலேயே சொல்லச் செய்யவேண்டும். கோடை நேர மாற்றம், புதன்கிழமை ஏற்பாடு, தலையாரித் துணை ஆகிய மூன்றையும் அங்கேயே முடிவு செய்து, ஜாபிதாவின் ஒரு பிரதியைக் கிளைத் தபாலாபீஸிலும் மற்றொன்றைக் கிராம நிர்வாக அலுவலரிடமும் வைத்துவிடலாம். சித்திரை பிறப்பதற்குள் வரப்புப் புல் செதுக்கும் வேலையையும் முடித்துக்கொள்ள அவகாசம் இருக்கிறது.